ஐந்தாவது வளாகம்

1

இந்தக் கதை ஒரு பொட்டலச் சோற்றிலிருந்து பிறந்தது. பெரிய தரிசனம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஒரு பள்ளியை நடத்தும் மேடம் எஸ்கலோனா போன் செய்து, "சார், சனிக்கிழமை போட்டிக்கு நடுவரா வர முடியுமா? வரவேண்டியவருக்கு மூட்டுவலி வந்துடுச்சு. சாப்பாடு உண்டு" என்றார். இந்தத் தீவுநாட்டின் இலோயிலோ நகரில் நடுவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும்: சோறு, வறுத்த கோழி, பள்ளியின் பெயர் போட்ட ஒரு கோப்பை, ஒரு பாராட்டுச் சான்றிதழ். என் வீட்டில் அப்படிப்பட்ட கோப்பைகள் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. இந்த ஊரில் பெண் எடுத்து, இந்த ஊர் மொழியிலேயே அவளோடு சண்டையும் போட்டுப் பழகிவிட்ட தமிழன் நான். எந்த வளாகத்துக்கும் சொந்தக்காரன் இல்லை என்பதால் என்னைக் கூப்பிட்டால் யாரும் பாரபட்சம் என்று முணுமுணுக்கமாட்டார்கள். கோழிக்கு ஆசைப்பட்டு ஒப்புக்கொண்டேன்.

மேடத்தின் பள்ளிக்குப் பெயர் உண்டு. சொல்லமாட்டேன். பன்னாட்டுப் பள்ளி, தனியார் பள்ளி, நான்கு ஊர்களில் நான்கு வளாகங்கள்: பசிக், இலோயிலோ, செபு, தவாவ். இதில் ஏதாவது ஒன்றில் சேர்ந்து தினமும் சீருடையில் வரலாம். வராமல் வீட்டிலிருந்தே திரையில் படிக்கலாம். பாதி அப்படி, பாதி இப்படி என்றும் இருக்கலாம். வருஷத்தின் நடுவில் மனம் மாறினால் முறையையும் மாற்றிக்கொள்ளலாம். இவ்வளவு வளைந்துகொடுக்கும் பள்ளிக்கு முதுகெலும்பு எங்கே இருக்கிறது என்று கேலி செய்தவர்கள் உண்டு. அவர்களில் நானும் ஒருவன்.

[ஒரு குறிப்பு, ஒரே தடவைதான் சொல்வேன்: போட்டி என்றது கூட்டுக்குரல் போட்டி. ஆகஸ்டில் இந்த நாட்டில் பள்ளிக்கூடம் என்று பெயர் வைத்த எந்தக் கட்டடமும் இதற்குத் தப்பாது. ஐம்பது அறுபது பிள்ளைகள் வேஷம் கட்டி, மேடையில் அணிவகுத்து நின்று, ஒரு கவிதையை ஒரே தொண்டையாகச் சொல்வார்கள். கை ஒன்றாக உயரும், தலை ஒன்றாகத் திரும்பும். ஒருத்தன் அரை அசை பிந்தினாலும் மதிப்பெண் போச்சு.]

2

தொடக்கம் எழுதுவது எனக்கு எப்போதும் தலைவலி. எழுதிப் பார்த்தவை இவை.

"ஆகஸ்டு மாதத்து வானம் அன்று காலை—"

(வானத்தில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை. போகட்டும்.)

"தீவுகளால் ஆன ஒரு நாட்டில் கல்வி என்பது எப்போதுமே கடலைக் கடக்கும்—"

(இது கல்லூரி ஆண்டுமலர். இதுவும் போகட்டும்.)

"நீங்க டிவி டீம்" என்றார் பெஞ்ஜி சார்.

இது நன்றாக இருக்கிறது. இங்கேயே தொடங்குகிறேன்.

"நீங்க டிவி டீம். சேனலை மாத்தினா காணாமப் போயிடுவீங்க" என்றார் பெஞ்ஜி சார், சிற்றுண்டிச்சாலையில், வறுத்த வாழைப்பழத்தைக் கடித்துக்கொண்டே. பெஞ்ஜி அர்ரியேட்டா இலோயிலோ வளாகத்தின் கூட்டுக்குரல் பயிற்சியாளர். அவருடைய அணி தோற்று யாரும் பார்த்ததில்லை. சணல் பாவாடை, மூங்கில் கவசம், தீப்பந்தம் மாதிரி சிவப்புத் துணி என்று மேடையையே அதிரவைப்பார்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் ஜோவித்தா மக்பன்வா. பிள்ளைகளுக்கு ஜோவி மேம். திரையில் படிக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பாசிரியர். அவருடைய வகுப்பறை இந்தச் சிற்றுண்டிச்சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அறை. ஒரு மேசை, ஒரு கணினி, வெங்காய வாசனை. பிள்ளைகள் எல்லாம் எங்கெங்கோ.

"டிவியா இருந்தா என்ன சார்? உங்க வீட்டுல சாயங்காலம் எல்லாரும் எதைப் பார்க்கறீங்க, மேடையையா?" என்றார் ஜோவி.

"ஐயோ, கோவம் வந்துடுச்சு மேமுக்கு. வாழைப்பழம் எடுத்துக்கோங்க."

"எடுத்துக்கறேன். ஆனா போட்டிக்கும் வரேன்."

பெஞ்ஜி சார் மெல்வதை நிறுத்தினார்.

3

ஜோவிக்கு இதில் என்ன இருக்கிறது? கதாபாத்திரத்துக்கு ஒரு வலுவான காரணம் வேண்டும் என்பார்கள். நானும் ஒன்றைத் தயார் செய்தேன்: சின்ன வயதில் ஜோவிக்கு மேடை மறுக்கப்பட்டது, சிறுமி ஜோவி திரைச்சீலைக்குப் பின்னால் நின்று அழுதாள், அந்தக் கண்ணீர்—

போட்டி முடிந்து சில மாதம் கழித்து, லாபாஸ் சந்தைக்குள் இருக்கும் பாட்சாய் நூடுல்ஸ் சூப் கடையில் இதை ஜோவியிடமே படித்துக் காட்டினேன். (என் கதாபாத்திரம் உயிரோடு, பக்கத்துத் தெருவில், சூப் குடித்துக்கொண்டு இருப்பதில் இதுதான் சிக்கல்.) அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"சார், நான் பள்ளிக்கூடத்துல எல்லா வருஷமும் மேடைல இருந்தேன். முதல் வரிசை. தொண்டை பெருசு எனக்கு. யாரும் எனக்கு எதையும் மறுக்கல."

"அப்புறம் ஏன் மேம் இவ்வளவு பிடிவாதம்?"

"அது எவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியும், அதான். பக்கத்துல நிக்கறவளோட மூச்சு நமக்குக் கேக்கும். நாம வாயத் திறந்தா அறுபது பேரோட சத்தம் வெளிய வரும். என் பிள்ளைங்களுக்கு அது கிடைக்கல. வருஷா வருஷம் போட்டிய நேரலைல பார்த்துட்டு இதயப் படம் அனுப்புவாங்க. அவங்க வேலை அதுதான். இதயம் அனுப்பறது."

இதைவிட நல்ல காரணம் எனக்குத் தோன்றவில்லை. கண்ணீர்ச் சிறுமியைக் கிழித்துப் போட்டேன்.

அந்தப் பிள்ளைகள் யார் என்றும் சொல்லவேண்டும். பசிக்கில் அடுக்குமாடியில் இருக்கும் மிகோ. ஷாம்பு விளம்பரத்தில் நடிப்பவன், படப்பிடிப்பு வண்டியில் உட்கார்ந்து கணக்குப் போடுபவன். வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரியில் கழிக்கும் ஒரு பெண். பாலம் கட்டும் அப்பாவோடு ஊர் ஊராகப் போகும் இரட்டையர். கடைசியாக ஐஸா. சிபுயான் தீவு. அம்மா ரியாத்தில் நர்ஸ், அப்பா படகு ஓட்டுகிறார். அவள் வீட்டில் சிக்னல் கிடையாது. சுகாதார நிலையத்தின் பின்னால் இருக்கும் தண்ணீர்த்தொட்டி மேல் ஏறி, ஒரு கையில் குடையும் ஒரு கையில் போனுமாக உட்கார்ந்துதான் பாடம் கேட்பாள். அங்கேயும் சிக்னல் வந்துபோகும் விருந்தாளிதான். இவர்களையும் சேர்த்து இருபதுக்கு மேல்.

மேடம் எஸ்கலோனா ஜோவியின் விண்ணப்பத்தைக் கேட்டுவிட்டு விசிறியால் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் பள்ளி நடத்துபவர்.

"ஜோவி, நாலு வளாகத்துப் பெற்றோரும் வருவாங்க. உங்க பிள்ளைங்க சொதப்பினா மண்டபமே சிரிக்கும். அந்தச் சிரிப்பு அப்படியே வீடு வீடா நேரலைல போகும். அதுக்கப்புறம் அதுங்க கேமராவ திறக்குமா?"

"சொதப்ப மாட்டாங்க மேடம்."

"ஒரே ஒரு தடவை அனுமதிக்கறேன். சிரிச்சாங்கன்னா அடுத்த வருஷம் பழையபடி பார்வையாளர்தான். சரியா?"

"சரி மேடம்" என்றார் ஜோவி. வெளியே வந்ததும் கை நடுங்கியது என்று நான் எழுதியிருந்தேன். நடுங்கவில்லையாம். நேராகப் போய் இன்னொரு வாழைப்பழம் வாங்கிச் சாப்பிட்டாராம்.

4

முதல் ஒத்திகை.

கவிதையை ஜோவியே எழுதியிருந்தார். வழி தவறிய படகு ஒன்று தீவு தீவாகக் கூப்பிட்டுக் கேட்கிறது: "அங்கே யார்?" கரைகள் பதில் சொல்கின்றன. "எல்லாரும் சேர்ந்து, மூணாவது தட்டுல ஆரம்பிங்க" என்று ஜோவி கை தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்று.

தட்டுகள் அடுக்கிய கூடை ஒன்றைப் படிக்கட்டில் உருட்டிவிட்டால் என்ன சத்தம் வருமோ அந்தச் சத்தம் வந்தது. மிகோ முதல் வரியை முடித்தபோது இரட்டையர் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரிப் பெண்ணின் குரல் நடுவில் விழுங்கப்பட்டது. எல்லாரும் வாயை மூடி நெடுநேரம் கழித்து, "அங்கே யார்?" என்று ஐஸாவின் குரல் தனியாக, கண்ணியமாக வந்து சேர்ந்தது.

அடுத்த நாளும் அப்படித்தான். ஜோவி எல்லா வித்தையும் பார்த்தார். கைதட்டலுக்குப் பதில் விளக்கை அணைத்து ஏற்றினார். தூரத்துப் பிள்ளைகளை முன்கூட்டியே தொடங்கச் சொன்னார். சிக்னல் அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தால் அவர்கள் முந்தினார்கள், இல்லாவிட்டால் பிந்தினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பெஞ்ஜி சாரின் அறுபது பேரும் ஒரே இடியாக முழங்குவது கேட்டுக்கொண்டே இருந்தது.

(இந்த இடத்தில் ஜோவி மனமுடைந்து மேசைமேல் தலைசாய்ப்பதாக ஒரு பத்தி எழுதினேன். நல்ல பத்தி. அவர் அனுமதிக்கவில்லை. "தலை சாய்க்க அந்த மேசைல எங்க சார் இடம்?")

5

வழி ஒரு சண்டையிலிருந்து கிடைத்தது.

"மேம், ஐஸா எப்பவும் லேட்டு மேம். அவளால கெட்டுப்போகுது" என்றான் மிகோ.

தண்ணீர்த்தொட்டி மேலிருந்து பதில் வர நேரமானது. வந்தபோது காரமாக வந்தது. "நான் லேட்டா? மூஞ்சியப் பாரு. மேம் தட்டினது கேட்ட உடனே நான் சொல்றேன். எனக்கு நீதான்டா லேட்டு. நான் சொல்லி முடிச்சு, குடைய மாத்திப் பிடிச்சதுக்கப்புறம்தான் உன் குரலே வருது."

"பொய் மேம்! நான்தான் முதல்ல சொன்னேன்!"

"உங்க வீட்டுல நீ முதல்ல. எங்க தொட்டில நான் முதல்ல."

இரட்டையர் சிரித்தார்கள். "எங்களுக்கு நீங்க ரெண்டு பேருமே லேட்டு!" மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எனக்கு அவன் லேட்டு, எனக்கு இவள் லேட்டு என்று இருபது பெட்டிகளும் கத்தின. ஜோவி தடுக்கவில்லை. வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் பிந்தவில்லை. ஒவ்வொருத்தரும் அவரவர் இடத்தில் சரியான நேரத்தில்தான் இருக்கிறார்கள். தான்தான் இத்தனை நாளாக இருபது வீடுகளுக்கும் ஒரே கடிகாரத்தை மாட்டப் பார்த்திருக்கிறோம் என்று ஜோவிக்கு உறைத்தது.

"எல்லாரும் வாய மூடுங்க!" என்று கத்தினார். "இனிமே என்னைப் பார்க்காதீங்க. நான் கை தட்டமாட்டேன். மிகோ முதல்ல சொல்லுவான். அவன் குரல் உன்கிட்ட வந்து சேர்ந்ததும் நீ. உன் குரல் கேட்டதும் அடுத்தவ. வேகமான லைன் முதல்ல, மெதுவான லைன் பின்னால. எண்ணாதீங்க, அவசரப்படாதீங்க. காதக் குடுங்க, போதும்."

"நான் மேம்?" என்றாள் ஐஸா.

"நீ கடைசி."

"எப்பவும் போலத்தான்" என்றாள் ஐஸா, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு.

"லூசு. கடைசி வரி உன்னோடது. படகு உன் கரைலதான் வந்து சேரப்போகுது."

அன்று முதல் முறையாக ஒரு வரி பசிக்கில் கிளம்பி, செபு வழியாக, தவாவ் வழியாக, பாலம் கட்டும் ஊர் வழியாக, ஆஸ்பத்திரிக் கட்டில் வழியாக, தொட்டிவரை போய்ச் சேர்ந்தது. ஒருவர் முடிப்பதற்குள் அடுத்தவர் எடுத்துக்கொள்ள, குரல்மேல் குரல் ஏறி, ஒரே மூச்சாக ஓடியது. கேட்டுக்கொண்டிருந்த ஜோவிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இதை அவரே சொன்னார், நான் சேர்க்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் முழக்கம் நின்றிருந்தது. பெஞ்ஜி சார் கதவில் நின்றுகொண்டிருந்தார்.

"நல்லா இருக்கு மேம். ஆனா இது கூட்டுக்குரல் இல்ல" என்றார். "கூட்டுக்குரல்னா எல்லாரும் ஒரே நேரத்துல சொல்லணும். இது வரிசைக்குரல்."

"நடுவர் சொல்லட்டும் சார்."

"சொல்லுவாங்க. நானும் சொல்லுவேன்."

6

நடுவர்களில் ஒருவன் அடியேன் என்பதை மறந்திருக்கமாட்டீர்கள். ஆனால் போட்டிக்குப் போகும் முன் ஒரு வரைவை உங்களுக்குக் காட்டியாகவேண்டும், ஏனென்றால் அதை எழுதும்போது நான் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தேன்.

அந்த வரைவில் புயல் வருகிறது. புயல் எச்சரிக்கை எண் உயர்கிறது, நான்கு ஊரிலும் பள்ளிகளுக்கு விடுமுறை, விமானம் இல்லை, கப்பல் இல்லை. போட்டியைத் திரைக்கு மாற்றுகிறார் மேடம். சணல் பாவாடை கட்டிய அறுபது பேரும் அவரவர் வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் முழங்கப் பார்க்கிறார்கள். தட்டுக்கூடை உருள்கிறது. பிறகு ஜோவியின் பிள்ளைகள் வருகிறார்கள், வெல்கிறார்கள். கச்சிதம்! ஆகஸ்டில் இங்கே புயல் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம், ஆகவே யாரும் நம்பமாட்டேன் என்றும் சொல்லமுடியாது.

ஜோவி கேட்டுவிட்டு, சூப்பை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

"நல்லா இருக்கு சார். ஆனா இந்த வெற்றி எனக்கு வேண்டாம்."

"ஏன் மேம்? ஜெயிக்கறீங்களே."

"பெஞ்ஜி சார் கால்ல சேறு ஒட்டினதால நான் ஜெயிச்சேன்னா அது என்ன ஜெயம்? அவரு நல்ல வெயில்ல, நல்ல மேடைல, முழு வேஷத்துல இருக்கணும். அப்படித்தான் இருந்தாரு. புயலை எடுத்துடுங்க."

"எழுத்தாளனுக்குக் கொஞ்சம் சுதந்திரம்..."

"சுதந்திரத்த வெச்சுக்கோங்க. புயலை எடுங்க. சூப்பு ஆறுது, குடிங்க."

எடுத்துவிட்டேன். அன்று நல்ல வெயில்.

7

நிகழ்ச்சி வழக்கம்போல் தாமதமாகத் தொடங்கியது. ஜெபம், தேசிய கீதம், அறிவிப்பாளரின் பழைய நகைச்சுவைகள். நான்கு வளாகத்துக்கும் நான்கு நிறக் கொடிகள், மண்டபம் நிறைய பெற்றோர், கை விசிறிகள், தோளில் தூங்கும் குழந்தைகள். நடுவர் மேசையில் என்னோடு ஓய்வுபெற்ற வானொலி அறிவிப்பாளர் ஒருவரும், மாதா கோயில் பாடகர் குழுவை நடத்தும் அம்மா ஒருவரும்.

செபுவும் தவாவும் பசிக்கும் நன்றாகச் செய்தார்கள். இலோயிலோ வந்தபோது எனக்கு நாற்காலியே அதிர்ந்தது. அறுபது தொண்டை, ஒரு சொல். பெஞ்ஜி சார் மேடைக்குக் கீழே நின்று கண்ணாலேயே அறுபது பேரையும் இழுத்துப்பிடித்திருந்தார். இப்படி ஒரு அணியைத் தாழ்த்தி எழுதினால் என் கை அழுகிப்போகும். அவர்கள் பிரமாதம்.

பிறகு மேடை காலியானது. பெரிய திரை இறங்கியது. இருபதுக்கு மேல் பெட்டிகள், பெட்டிக்கு ஒரு முகம், வெள்ளைச் சட்டை. கீழ்மூலையில் கடைசிப் பெட்டியில் ஒரு குடையும் அதன் கீழ் ஐஸாவும். மேடையோரம் ஜோவி. கையில் ஒன்றும் இல்லை. அவர் செய்வதற்கும் ஒன்றும் இல்லை.

மிகோ தொடங்கினான். நாடறிந்த ஷாம்புத் தலை, கேமராவுக்குப் பிறந்தவன். கண்ணில் ஒளி, புருவத்தில் உணர்ச்சி, வாய் அழகாகத் திறந்து மூடியது.

சத்தம் மட்டும் வரவில்லை.

முறை வரும்வரை ஒலியை அடைத்து வையுங்கள் என்று ஜோவி தினமும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவன் அடைத்து வைத்தவன், திறக்க மறந்துவிட்டான். திரையில் படிக்கும் பிள்ளைகள் மட்டுமே செய்யக்கூடிய தவறு, அதுவும் எல்லாருக்கும் முன்னால்.

மண்டபம் ஒரு கணம் பார்த்தது. பிறகு, "மியூட்!" என்றது. பெற்றோர், பிள்ளைகள், வாசலில் பனிக்கூழ் விற்பவர் உட்பட எல்லாரும், ஒரே நேரத்தில், ஒரே குரலில். வானொலிக்காரர் என் காதில், "இன்னிக்கு நடந்ததுலேயே சுத்தமான கூட்டுக்குரல் இதுதான்" என்றார். அப்புறம் சிரிப்பு. அலையலையாகச் சிரிப்பு. மேடம் எஸ்கலோனா விசிறியை மடக்கினார். ஜோவியின் முகத்தில் ரத்தமே இல்லை. சிரித்தால் முடிந்தது என்பதுதானே பேச்சு?

மிகோவுக்குச் சத்தம் போய்ச் சேர்ந்தது. காதுவரை சிவந்தான். என் வரைவு ஒன்றில் அவன் அழுகிறான், திரையை அணைக்கிறான், அணி கலைகிறது. நிஜத்தில் அவன் நெற்றியில் ஒரு அடி அடித்துக்கொண்டு, பொத்தானை அழுத்தி, மண்டபத்தைப் பார்த்துச் சொன்னான்: "மன்னிச்சுக்கோங்க. படகு இன்னும் கிளம்பல. இப்பக் கிளம்புது."

சிரிப்பு மாறியது. வேறு சிரிப்பு, அவன் பக்கம் வந்துவிட்ட சிரிப்பு.

"அங்கே யார்?" என்றான் மிகோ.

அந்தக் குரல் முடிவதற்குள் அடுத்த பெட்டி எடுத்தது. பிறகு அடுத்தது. ஒலிபெருக்கிகளில் குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வந்தன. வரி ஒன்று பெட்டி பெட்டியாகத் திரையைக் கடந்து போவதை மண்டபமே கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. ஒரு வரி போய்ச் சேரும்முன் அடுத்த வரி கிளம்பியது. படகு கேட்டது, கரை பதில் சொன்னது. விசிறிகள் நின்றுவிட்டன. கோயில் பாட்டம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், ஏன் என்று அவருக்கே தெரியாது.

கடைசி வரி கிளம்பியது. இரட்டையர், ஆஸ்பத்திரிப் பெண், அவளுக்கு அடுத்தவன். இனி ஐஸா.

ஒன்றும் வரவில்லை. அவள் படம் உறைந்து நின்றது, வாய் பாதி திறந்தபடி.

[இங்கே இன்னொரு முடிவு இருக்கிறது. குரல் வரவேயில்லை. படகு கரை சேரவில்லை. மௌனம். இப்படி முடித்தால் இலக்கியம் என்பார்கள், எனக்கும் தெரியும். சோகத்தில் முடித்துப் பெயர் வாங்கிய கதைகள் எனக்கும் இருக்கின்றன. ஆனால் நடந்ததை மறைத்துச் சோகம் காட்ட இந்தத் தடவை மனம் வரவில்லை.]

யாரும் அசையவில்லை. பெட்டிகளில் இருந்த பிள்ளைகளும் அசையவில்லை. அவர்கள் பழகியவர்கள். அவளுக்காகக் காத்திருப்பது அவர்களுக்குத் தினசரி வேலை.

"இந்தப் பக்கம்" என்று சிபுயானிலிருந்து வந்தது. "இந்தப் பக்கம் வா."

8

மண்டபம் எழுந்தது. இப்படி ஒரு கைதட்டலை நான் இந்த ஊரில் கேட்டதில்லை. மேடம் எஸ்கலோனா விசிறியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றபடி தட்டினார். ஜோவியிடம் குனிந்து, "அடுத்த வருஷம் இவங்களுக்கு ஒரு கொடி தைக்கணும், என்ன நிறம்?" என்று கேட்டார்.

ஆனால் திரையில் இருபது முகங்களும் பயந்துபோய் இருந்தன. ஜெயித்தோமா, சொதப்பினோமா என்று தெரியாத முகங்கள். நாங்கள் தட்டுவது இன்னும் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

முதலில் மிகோவுக்குப் போனது. அவன் முகம் மலர்ந்தது. பிறகு அவனுக்கு அடுத்த பெட்டி. அடுத்தது. கவிதை போன வழியிலேயே கைதட்டல் போவதைக் கண்ணால் பார்த்தோம். இரட்டையர் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிப் பெண்ணின் கட்டிலருகே நின்ற நர்ஸ் குதித்தார். ஐஸா மட்டும் உறைந்த படமாகவே இருந்தாள்.

கை வலிக்கத் தொடங்கியது. சத்தம் கொஞ்சம் தணிந்தது. அப்போது மேடைக்குக் கீழிருந்து ஒருவர் தொண்டை கிழியக் கத்தினார்.

"நிறுத்தாதீங்க! அவளுக்கு இன்னும் போய்ச் சேரல!"

பெஞ்ஜி சார். தன்னுடைய அறுபது பேரிடமும் திரும்பி, இரண்டு கையையும் உயர்த்தினார். அவர்கள் தட்டினார்கள். செபு தட்டியது, தவாவ் தட்டியது, பசிக் தட்டியது. மண்டபம் மறுபடி பிடித்துக்கொண்டது. யாருக்காகத் தட்டுகிறோம் என்று இப்போது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தட்டினோம், தட்டினோம், தட்டிக்கொண்டே இருந்தோம்.

குடை அசைந்தது. ஐஸா போனைக் காதருகே கொண்டுபோனாள். உதட்டைச் சுழித்தாள். அவள் குரல் ஒலிபெருக்கியில் வந்தது, கவலையாக.

"மேம்? லைன் கெட்டுப்போச்சா மேம்? ஒரே இரைச்சலா வருது."

ஜோவி பேச வாயெடுத்தார். முகத்தைக் கையால் பொத்திக்கொண்டார். பெஞ்ஜி சார் மேடையில் தாவி ஏறி மைக்கை எடுத்தார்.

"லைன் நல்லாத்தான் இருக்கு கண்ணு" என்றார். "அது நாங்க."

இந்த வார்த்தை சிபுயான் போய்ச் சேர ஆகும் நேரத்தில் உங்களிடம் ஒரு வேலை கொடுத்துவிடுகிறேன். நடுவர்கள் மூன்று பேர். பாட்டம்மா ஜோவியின் அணிக்குப் போட்டார். வானொலிக்காரர், கூட்டுக்குரல் என்றால் ஒரே நேரத்தில் சொல்வதுதான் என்று இலோயிலோவுக்குப் போட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. மிச்சம் என்னுடையது. பல தீவுகளில் இருந்துகொண்டு, ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து சொன்னதை ஒன்றாகச் சொன்னது என்று எடுத்துக்கொள்ளலாமா? நீங்களும்தான் கேட்டீர்களே. மதிப்பெண்ணை நீங்களே போட்டுவிடுங்கள். எனக்கு அப்போது பேனா பிடிக்க முடியவில்லை, கை இரண்டும் வேலையாக இருந்தது.